நல்ல தண்ணீரில் கழுவிய உளி

என் தையல் மிஷினுக்கு வாரம் தவறாமல் எண்ணெய் விடுகிறவள் நான். வியாழக்கிழமை சாயங்காலம் கடைசி ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்து மடித்துப் போட்டதும், மிஷினைச் சாய்த்து, தூசியைத் தட்டி, துவாரம் துவாரமாகச் சொட்டு விட்டு, நாலு மிதி மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். கடற்காற்று இரும்பை என்ன பாடுபடுத்தும் என்று தொண்டியில் பிறந்தவளுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் ஜன்னல் கம்பி பொடிப்பொடியாகக் கையோடு வரும். அப்படிப்பட்ட நான், மிஷினுக்கு நேர் மேலே பரணில் இருந்த என் வீட்டுக்காரரின் கருவிப் பெட்டியை ஒன்பது வருடம் திறந்தே பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றாலும் பரவாயில்லை, பார்த்துக்கொண்டிருப்பதாக அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என்னைக் கட்டும்போது அவர் படகுத் தச்சர். நாட்டுப்படகில் உளுத்த பலகையைக் கழற்றிப் புதுப் பலகை ஏற்றுவார். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் எண்ணெயில் ஊறிய பஞ்சுத்திரியை வைத்து அடித்து, தண்ணீர் உள்ளே வராமல் செய்வார். பைபர் படகுகள் வந்த பிறகு வேலை குறைந்தது. தச்சு வேலை என்று விசா வந்ததும் சவூதிக்குப் போய்விட்டார். போனில் பேசும்போதெல்லாம் மகளைப் பற்றிக் கேட்டு முடித்ததும் அடுத்த கேள்வி இதுதான்.

"பெட்டி எப்படிப் புள்ள இருக்கு?"

"நல்லா இருக்கு மச்சான். எண்ணெ போட்டுத் தொடச்சு வச்சிருக்கேன்."

முதல் தடவை இதைச் சொன்னபோது அன்றைக்கே இறக்கித் துடைத்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக. அன்றைக்கு ஒரு கல்யாண வீட்டுத் துணி அவசரம். அதன் பிறகு அந்தப் பதில் ஸலாம் சொல்வது மாதிரி வாயில் தானாக வரத் தொடங்கிவிட்டது. நடுவில் மூன்று முறை லீவில் வந்தார். அப்போதெல்லாம் பெட்டியைப் பற்றி அவர் பேசவே இல்லை. திரும்பிப் போகப் போகிற மனிதருக்கு அதைப் பார்க்க மனசு வரவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் அது வசதியாகப் போய்விட்டது.

இந்த முறை இரண்டு மாத லீவில் வந்தார். வந்த ஆறாவது வாரம், புதன்கிழமை மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்தவர் முகத்தில் ஒரு வெளிச்சம். கடற்கரையில் படகுப் பட்டறை வைத்திருப்பவரைப் பள்ளிவாசல் வாசலில் பார்த்திருக்கிறார். நாலு மரப் படகுகள் கரையேறிக் கிடக்கின்றன, பலகை வேலை தெரிந்த ஆள் இல்லை என்று அந்த மனிதர் புலம்பியிருக்கிறார். "உன் கருவியோட செவ்வாக்கிழம வா. ஒரு படகப் பாத்துக் குடு. தண்ணில எறக்கிப் பாத்துட்டு மத்தத நிரந்தரமா பேசுவோம்" என்றாராம்.

உன் கருவியோடு என்பதுதான் இதில் முக்கியம். எங்கள் கரையில் படகுத் தச்சர் ஒருவர் இன்னொருவரின் உளியைத் தொட மாட்டார். கேட்கவும் மாட்டார். கேட்டவரை அன்றோடு வேலைக்காரர் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். புதிதாக வாங்கலாமே என்றால், ராமநாதபுரம் கடைவீதியில் கிடைப்பது கதவு ஜன்னல் செய்கிறவர்களுக்கான உளி. திரி அடிக்கிற மொட்டை உளி எந்தக் கடையிலும் கிடையாது. அதை இவர் கொல்லர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கைக்கு ஏற்றபடி அடித்து வாங்கியிருந்தார்.

"இது மட்டும் அமைஞ்சுட்டா நான் அங்கன திரும்பிப் போக வேண்டியதில்ல புள்ள" என்று சொல்லிக்கொண்டே நாற்காலி போட்டு ஏறினார். ஒன்பது வருடமாக நான் துஆ கேட்டது அந்த ஒரு வார்த்தைக்குத்தான். கேட்ட நேரத்தில் சந்தோஷப்பட முடியவில்லை. ஏனென்றால் அவர் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்.

தாழ்ப்பாளே திறக்கவில்லை. சுத்தியலால் தட்டியதும் உடைந்து விழுந்தது. உள்ளே எல்லாம் ஒரே நிறம். உளி எது, ரம்பம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒன்றோடொன்று ஒட்டி, செங்கல் சூளையில் இருந்து எடுத்த மாதிரி இருந்தது. இழைப்புளியின் தகட்டை உருவிப் பார்த்தார், வரவில்லை. பலகை செதுக்குகிற வாச்சியை எடுத்தார். ஒரு உள்ளங்கைப் பொடி தரையில் கொட்டியது.

நான் சுவரோடு நின்றேன். நானாக இருந்தால் தெரு கூடுகிற மாதிரி கத்தியிருப்பேன். ஜாக்கெட்டில் ஒரு கொக்கி மாறித் தைத்ததற்கே என் மகளை அரை நாள் ஏசுகிறவள் நான். அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தார். திரி அடிக்கிற உளியை மட்டும் காதருகே பிடித்து நகத்தால் சுண்டினார். மறுபடி சுண்டினார்.

"உள்ள நல்லா இருக்கு" என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே, "ஒடஞ்ச செங்கல் கெடந்தா எடு. மண்ணெண்ணெ இருக்கா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். கேட்காததால் செங்கல் தேடப் போனேன்.

அதற்குப் பிறகு மூன்று நாள் கொல்லையில் நான் பார்த்ததை இன்னும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருக்கிறேன். துரு எடுப்பது என்றால் போட்டுத் தேய்ப்பது என்றுதான் நினைத்திருந்தேன். அவர் முதலில் தேய்க்கவே இல்லை. ஒரு தகர டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றி எல்லாவற்றையும் ஊறப் போட்டுவிட்டு சும்மா உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை எடுத்து, ஒரு மூங்கில் சிம்பால் மேலே இருந்த செதிலை மட்டும் சுரண்டினார். இரும்புத் தகட்டால் சுரண்டினால் வேகமாகப் போகுமே என்றேன். "இரும்ப இரும்பால சொரண்டினா துருவோட சேந்து நல்ல இரும்பும் போயிரும்" என்றார். செங்கல்லை அரைத்துச் சலித்து, அந்தப் பொடியை மண்ணெண்ணெயில் குழைத்து, தேங்காய் நாரில் தொட்டு ஒரே பக்கமாக இழுத்தார். போய் வருகிற கை கிடையாது. ஒரு பக்கம்தான். நாற்பது இழுப்புக்கு ஒரு முறை துடைத்து, வெயிலில் சாய்த்துப் பார்ப்பார். மேலே மட்டும் பிடித்த துரு பழுப்பாக வந்தது. ஆழமாகத் தின்ற இடத்தில் கறுப்பாகக் குழி விழுந்திருந்தது. அந்தக் குழியை அவர் தொடவில்லை.

"அது அப்படியே கெடக்கட்டும். வேல செய்ற வாய் பக்கம் இல்லேல்ல. அதயும் எடுக்கப் போனா உளி தேஞ்சு ஊசியாயிரும்."

விட வேண்டியதை விடுகிற அந்த நிதானத்தைப் பார்த்துக்கொண்டே என் மிஷின் வேலையை மறந்து நின்றிருக்கிறேன். இருபது வருடம் குடும்பம் நடத்திய மனிதரிடம் இப்படி ஒரு ஆள் இருப்பது தெரியாமலே இருந்திருக்கிறது. பெரிய ரம்பத்தைக் கையில் எடுத்து வளைத்தார். பல் பாதி உதிர்ந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அந்த மனிதரை நினைத்து எனக்குக் கர்வமாக இருந்தது. கூடவே, இதையெல்லாம் இந்த நிலைக்குக் கொண்டுவந்தவள் நான்தானே என்று நெஞ்சு குத்தியது.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பாதிக்கு மேல் வெளுத்துவிட்டது. அவர் ஜும்மாவுக்குக் கிளம்பிப் போனார். இந்தக் குத்தல் தாங்காமல்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

மகள் போனில் துரு எடுக்கிற வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். வினிகரில் ஊறவைக்கச் சொன்னார்கள். வினிகருக்கு நான் எங்கே போவது? புளி இருக்கிறதே. பித்தளைக் குடத்தைப் பளபளவென்று ஆக்குகிற புளி உளியை ஆக்காதா? நாலு கைப்பிடி புளியைக் கரைத்து, அவர் செய்து முடித்தவை, முடிக்காதவை எல்லாவற்றையும் அதில் முக்கினேன். உண்மையைச் சொல்ல வேண்டும், வேலை செய்தது. குழிக்குள் இருந்த கறுப்புக்கூடக் கரைந்து வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கிணற்றில் ரெண்டு வாளி இறைத்து, புளி வாடை போகும்வரை அலசோ அலசு என்று அலசி, துடைத்து, புதுத் துண்டில் சுற்றி வைத்துவிட்டேன். திறந்து காட்டும்போது அவர் முகம் எப்படி ஆகும் என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

அன்றைக்கு ஜும்மாவில் இருந்து ஒரு மவுத்து வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போய்விட்டு அவர் வருவதற்குப் பொழுது சாய்ந்துவிட்டது. காலையில் காட்டலாம் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் துண்டை விரித்தேன். துண்டு முழுக்கச் செம்மண் கறை. உளி, வாச்சி, இழைப்புளித் தகடு எல்லாவற்றிலும் புதுத் துரு, மஞ்சள்பொடி தூவியதுபோலப் பூத்துக் கிடந்தது. மூன்று நாள் அவர் இழுத்த இழுப்பெல்லாம் போச்சு.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. பாத்திரம் கழுவ, துணி துவைக்க, குளிக்க அதுதான். குடிக்கவும் உலை வைக்கவும் தள்ளுவண்டியில் குடம் குடமாக வருகிற நல்ல தண்ணீர். நல்ல தண்ணீரில் கை அலம்பினால்கூட எங்கள் வீடுகளில் அடி விழும். அந்தத் தண்ணீரில் போய் இரும்பைக் கழுவுவது என் புத்தியில் எட்டவே இல்லை. யோசித்து வேண்டாம் என்று விட்டிருந்தால் அது கஞ்சத்தனம். எனக்கு யோசனையே வரவில்லை. மண்ணெண்ணெயைத் தவிர வேறு எதையும் அவர் மூன்று நாளும் ஏன் கிட்டத்தில் விடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் குனிந்து பார்த்தார். துண்டின் ஓரத்தை நாக்கில் தொட்டுப் பார்த்தார். பிறகு போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

செத்தேன் என்று நினைத்துக்கொண்டேன். லீவு முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று கம்பெனிக்குச் சொல்லத்தான் போகிறார். செவ்வாய்க்கிழமைக்கு இடையில் இரண்டே நாள். நான் போனில் சொன்ன பொய் ஒன்று, இப்போது கையால் செய்தது ஒன்று. சொந்தக் கையாலேயே அவரை விமானத்தில் ஏற்றிவிட்டேன் என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, எழுந்து அணைக்கத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் வாசலில் தள்ளுவண்டிச் சத்தம். எட்டிப் பார்த்தால் இவர்தான் தள்ளிக்கொண்டு வருகிறார். நாலு குடம். நல்ல தண்ணீர். நேராகக் கொல்லைக்குக் கொண்டுபோய் கருவிகளைப் பரப்பிய பெரிய தாம்பாளத்தில் ஒரு குடத்தைக் கவிழ்க்கப் போனார். அந்த நிலைமையிலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"மச்சான், அது குடிக்கிற தண்ணி!"

"கிணத்துல அலசினது கடல்ல முக்கி எடுத்த மாரித்தான். உப்பு உள்ள எறங்கிருச்சு. மொதல்ல அதக் கழுவி வெளியேத்தணும்" என்றவர், குடத்தை என்னிடம் நீட்டினார். "நீ ஊத்து."

ஊற்றினேன். தண்ணீர் மண்ணில் ஓட ஓட, எத்தனை செம்பு போகிறது என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். அவர் நாரால் தேய்த்துத் தேய்த்து மூன்று தண்ணீர் மாற்றினார். மூன்றாவது தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப காய வைக்கணும். இந்தக் காத்துல துடைச்சாலும் ஈரம் நிக்கும்" என்று யோசித்தார்.

அப்போதுதான் எனக்கு என் தோசைக்கல் ஞாபகம் வந்தது. அதுவும் இரும்புதான். அதே கிணற்றுத் தண்ணீரில்தான் கழுவுகிறேன். கழுவியதும் அடுப்பில் ஏற்றி, ஈரம் சுண்டியதும் சூட்டோடு எண்ணெய் தடவிவிடுவேன். பதினைந்து வருடமாக ஒரு பொட்டுத் துரு இல்லை. கையில் இருந்த வித்தை, பரண்மேல் இருந்த பெட்டிக்கு மட்டும் ஏறவில்லை.

"தோசக்கல்லுல வப்போமா?" என்றேன்.

அவர் முதல் முறையாகச் சிரித்தார். "வைக்கலாம். ஆனா கை பொறுக்கிற சூடுதான். அதுக்கு மேல ஏறுச்சுன்னா உளி வாய் செத்துப்போயிரும். அப்பறம் வெண்ணெயத்தான் வெட்டணும்."

அடுப்பு என் பொறுப்பு ஆனது. திரியைக் குறைத்து, கல்லில் உளியை வைத்து, ஒரு விரலால் தொட்டுத் தொட்டுத் திருப்பினேன். சூடு தெரிந்ததும் அவர் வாங்கி எண்ணெய் தடவினார். என் மிஷின் எண்ணெய்தான். அந்த பாட்டில் காலியாவதைப் பார்த்தபோதுதான் வாயைத் திறந்தேன்.

"ஒங்ககிட்ட ஒன்பது வருசமா பொய் சொல்லிருக்கேன் மச்சான்."

அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். "நானும்தான். அங்கன தச்சு வேலைன்னு சொன்னேன்ல? ரெண்டே வருசம். அதுக்கப்பறம் குடோன்ல அட்டப் பெட்டி ஒட்டுற வேல. நான் உளியத் தொட்டு ஏழு வருசமாச்சு."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஏழு வருடமா என்று கேட்க வாயெடுத்தேன். என் கணக்கு ஒன்பது என்பது ஞாபகம் வந்ததும் மூடிக்கொண்டேன். பிறகு கோபம் போய் பயம் பிடித்தது. கருவி தேறிவிடும், சரி. இவருடைய கை? பெட்டி நல்லா இருக்கிறதா என்று வாராவாரம் கேட்டாரே, அது எனக்காகக் கேட்ட கேள்வி இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. அட்டைப் பெட்டி ஒட்டிக்கொண்டு, இங்கே தன் உளி எண்ணெயோடு இருக்கிறது என்று கேட்பதற்காகவே அவர் போன் போட்டிருக்கிறார்.

ஞாயிறும் திங்களும் சாணைக்கல்லோடு போயின. துரு போன பிறகுதான் வாயைத் தீட்ட வேண்டும். உள்ளங்கையில் எண்ணெய் விட்டு, கல்லில் எட்டு எழுதுகிற மாதிரி ஓட்டி, முன்கை முடியைச் சிரைத்துப் பார்ப்பார். திங்கட்கிழமை சாயங்காலம் அவர் இடது கையில் முடியே இல்லை. பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, கும்பிடத் தோன்றுகிற மாதிரியும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பட்டறைக்கு மதியச் சோறு கொண்டுபோனேன். வழக்கமாக நான் அங்கே போகிறவள் இல்லை. பயம்தான் கூட்டிக்கொண்டு போனது. பட்டறைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆளை விட்டுவிட்டுக் கருவியைத்தான் முதலில் பார்ப்பார்கள் போலிருக்கிறது. திரி உளியை எடுத்து, விளிம்பில் நகத்தை ஓட்டி, மூக்கருகே கொண்டுபோய் மோந்தார்.

"எண்ண வாசம் வருது. இத்தன வருசம் ஊர்ல இல்ல, கருவி கருவியா இருக்கே பாய். யார் பாத்துக்கிட்டது?"

"எல்லாம் வீட்லதான்" என்றார் இவர். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அங்கே நின்றிருந்தால் உண்மையைச் சொல்லித் தொலைத்திருப்பேன்.

அந்தப் படகு வேலை ஒன்பது நாள் நடந்தது. முதல் இரண்டு நாள் சாயங்காலம் வலது கையில் தண்ணீர்ச் செம்பைப் பிடிக்க முடியாமல் இடது கையில் வாங்கினார். எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. மூன்றாம் நாள் வலது கையில் வாங்கினார். ஒவ்வொரு சாயங்காலமும் சாப்பாட்டுக்கு முன்னால் கருவியை நல்ல தண்ணீரில் ஒரு செம்பு விட்டுக் கழுவி, கல்லில் காட்டி, எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்தோம். லீவு முடிய எட்டு நாள் இருந்தது. கம்பெனியில் இருந்து வருகிறாயா இல்லையா என்று தினமும் போன். "சொல்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

பத்தாம் நாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு படகை இறக்கினார்கள். நானும் போய்க் கரையில் நின்றேன். முழங்கால் தண்ணீரில் படகு ஆடிக்கொண்டு நின்றது. பட்டறைக்காரரும் இவரும் ஏறினார்கள். தரையில் காய்ந்து கிடந்த படகு முதலில் கொஞ்சம் தண்ணீர் குடிக்கும், மரம் ஊறி இறுகினால் நிற்கும் என்று முன்பே சொல்லியிருந்தார். எவ்வளவு குடிக்கும் என்பதுதான் வேலை. காத்திருந்தோம். கடல் பக்கம் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை, பட்டறைக்காரர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த முதுகு குனிந்தது. இவர் போட்ட புதுப் பலகையின் ஓரமாக, அடித்தளத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார். நிமிர்ந்தார். இன்னொரு முறை தடவினார். பிறகு கையைத் தன் சட்டையில் துடைக்கப் போனவர், துடைக்க எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, இவர் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினார். கரையில் இருந்த எனக்கே தெரிந்தது. காய்ந்த கை.

"அடுத்த படகயும் நீயே பாரு பாய்" என்றார்.

அல்ஹம்துலில்லாஹ் என்று நான் போட்ட சத்தத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். வெட்கமாகப் போய்விட்டது. இவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்து வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசுவார் என்று பார்த்தால், ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்துக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் கம்பெனியில் யாரோ எடுத்தார்கள்.

"நஹி சாப்" என்றார். "நஹி ஆயேகா."

எனக்கு இந்தி தெரியாது. அன்றைக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது.